யார் பெயரில் இருக்கிறது அந்தப் பணம்?

உங்கள் தோட்டத்திலோ வீடமைப்புப் பகுதியிலோ நாலு பேர் கூடி ஒரு நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டியிருக்கிறீர்களா? திரட்டியிருந்தால், முதல் நூறு வெள்ளி சேர்ந்த அன்றே ஒரு கேள்வி வந்து நிற்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். "இதை யாரிடம் கொடுத்து வைப்பது?" என்பதுதான் அது.

எங்கள் தோட்டத்தில் அந்தக் கேள்வி 2021-ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பள்ளிக்கூடம் மாதக் கணக்கில் பூட்டிக் கிடந்து, அப்போதுதான் திறந்திருந்தது. பாடமெல்லாம் கைத்தொலைபேசியில் நடந்த காலத்தில், மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே ஒரு தொலைபேசிதான் இருந்தது. அதையும் அப்பா செம்பனைக் காட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். பிள்ளைகள் திரும்பி வந்தபோது, இரண்டாம் ஆண்டில் இருக்க வேண்டிய படிப்பு முதலாம் ஆண்டிலேயே நின்றுவிட்டிருந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறிய பிள்ளைகளை எண்ணிப் பார்த்தேன். இருபத்தாறு பேர்.

மூடிக் கிடந்த ஆயாக் கொட்டகையைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு வாங்கி, மாலை வகுப்பு நடத்துவது என்று முடிவு செய்தோம். நான், ஓய்வு பெற்ற தண்டல் ஐயா, மளிகைக் கடை அண்ணன், லோரி ஓட்டும் தம்பி ஒருவர், உரம் போடும் வேலைக்குப் போகும் அக்காமார் மூவர், இன்னும் இரண்டு பெற்றோர் என்று மொத்தம் ஒன்பது பேர். பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று சேர்ந்து 1,450 வெள்ளி ஆனது. ஒவ்வொரு காசையும் கடை அண்ணன் தம்முடைய 555 புத்தகத்தில் எழுதி வைத்தார். கடன் எழுதும் அந்தச் சின்னப் புத்தகத்தைத்தான் சொல்கிறேன். அது இந்தக் கதையில் மறுபடி வரும்.

பிறகு ஒரு அதிர்ஷ்டம் வந்தது. பட்டணத்து நிறுவனம் ஒன்று 5,000 வெள்ளி தர முன்வந்தது. ஆனால் அவர்கள் கேட்ட முதல் கேள்வியிலேயே நாங்கள் வாயடைத்துப் போனோம். "டீச்சர், எந்தச் சங்கத்தின் பெயரில் காசோலை எழுதுவது?"

எங்களுக்குச் சங்கம் ஏது?

இந்த இடத்தில் நம் நாட்டுச் சட்டத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி, ஏழு பேரோ அதற்கு மேலோ ஒரு நோக்கத்துக்காகச் சேர்ந்தால் அது சங்கம். சங்கம் என்றால் பதிவு செய்தாக வேண்டும். பதிவுச் சான்றிதழ் இல்லாமல் சங்கத்தின் பெயரில் வங்கியில் கணக்குத் திறக்க முடியாது. பதிவுக்குச் சட்டதிட்டம் எழுத வேண்டும், செயலவை அமைக்க வேண்டும், ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் கூட்டி அறுபது நாளுக்குள் கணக்கையும் விவரங்களையும் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். இருபத்தாறு பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தரக் கூடிய ஒன்பது பேர், பாதி நேரத்தைப் பாரம் நிரப்புவதிலேயே செலவிட வேண்டியதுதான். சரி, இரண்டு பேரின் சொந்தப் பெயரில் கூட்டுக் கணக்குத் திறக்கலாமே என்பீர்கள். அதில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பணம் முடங்கும், குடும்பத்தாரிடம் போய் நிற்க வேண்டும். பிழைக்க வேறு ஊர் போய்விட்டாலும் தொல்லைதான்.

ஆக, பதிவு பெற்ற ஒரு சங்கத்தின் நிழலில் ஒதுங்குவது ஒன்றே வழியாகத் தெரிந்தது. பட்டணத்தில் ஒரு சங்கம் இருந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். தலைவர் நல்ல மனிதர். ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டே, "நம்ம கணக்கிலேயே போடுங்க டீச்சர், பிள்ளைங்க காரியம்தானே" என்றார். கைகுலுக்கினோம். எங்கள் 1,450 வெள்ளியும், நிறுவனத்தின் 5,000 வெள்ளியும், ஆக 6,450 வெள்ளி அந்தக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. காகிதம் ஏதும் எழுதவில்லை. நல்ல மனிதரிடம் போய்க் காகிதம் கேட்பது மரியாதையாக இருக்குமா என்று எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தின் விலை எவ்வளவு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த வழி என்று நினைத்திருந்தேன். கோலாலம்பூரில் கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்யும் என் பழைய மாணவி ஒருத்திதான், "டீச்சர், அமெரிக்காவில் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது" என்றாள். பிஸ்கல் ஸ்பான்சர்ஷிப் என்பார்களாம். பதிவும் வரிச் சலுகையும் பெற்ற ஒரு பெரிய அமைப்பு, அவை இல்லாத சிறு குழுவைத் தன் குடைக்குள் சேர்த்துக்கொண்டு, அதற்கு வரும் நன்கொடையைத் தன் பெயரில் வாங்கி, கணக்கு வைத்துத் தருவது. நம் வசதிக்குப் பெரியதைத் தாய்ச் சங்கம் என்றும் சிறியதைப் பிள்ளைக் குழு என்றும் சொல்லிக்கொள்வோம்.

அங்கே இதற்கு ஏன் இவ்வளவு தேவை வந்தது? அமெரிக்க வரிச் சட்டத்தில் 501-சி-3 என்ற ஒரு பிரிவு உண்டு. அந்தப் பிரிவில் அங்கீகாரம் பெற்ற தர்ம அமைப்புக்குக் கொடுத்தால்தான் கொடுப்பவருக்கு வரிக் கழிவு கிடைக்கும். பெரிய அறநிதி நிறுவனங்களும் பெரும்பாலும் அத்தகைய அமைப்புகளுக்கே பணம் தரும். அங்கீகாரம் வாங்க முழு விண்ணப்பம் போட்டால் 600 டாலர் கட்டணம், மாதக்கணக்கில் காத்திருப்பு, இயக்குநர் குழு, வருடாந்தர அறிக்கை எல்லாம் உண்டு. தெருவோரத்துக் காலி மனையில் காய்கறி பயிரிட்டு அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்க நினைக்கும் பத்துப் பேருக்கு இதெல்லாம் எதற்கு? அவர்கள் ஒரு தாய்ச் சங்கத்தைத் தேடிப் போகிறார்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் 1976-இல் தொடங்கிய டைட்ஸ் அறநிறுவனம் இத்தகைய வேலையில் பேர் பெற்றது. இதற்கென்றே 1996-இல் டைட்ஸ் சென்டர் என்று தனி அமைப்பும் ஏற்படுத்தினார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1992-இல் தோன்றிய கம்யூனிட்டி பார்ட்னர்ஸ் இன்னொன்று. தாய்ச் சங்கம் சும்மா செய்வதில்லை. வரும் பணத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து வரை கட்டணமாக எடுத்துக்கொள்வது வழக்கம். அதற்குப் பதிலாகக் கணக்கு, ரசீது, சம்பளப் பட்டியல், காப்புறுதி எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

வேடிக்கையான ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். 2011-இல் நியூயார்க்கில் பணக்காரர்களின் ஆதிக்கத்தை எதிர்த்து ஒரு பூங்காவில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்களே, நினைவிருக்கிறதா? தலைவர் என்று யாரும் கிடையாது, எல்லாரும் கூடித்தான் முடிவெடுப்போம் என்றார்கள். உலகெங்குமிருந்து லட்சக்கணக்கில் டாலர் வந்து குவிந்தது. தலைவர் இல்லாத கூட்டத்துக்கு வங்கியில் கையெழுத்துப் போடுவது யார்? கடைசியில் அலையன்ஸ் பார் குளோபல் ஜஸ்டிஸ் என்ற பதிவு பெற்ற அமைப்புதான் தாய்ச் சங்கமாக நின்று பணத்தை வாங்கி வைத்தது. எந்தப் புரட்சியானாலும் வங்கி முகப்பில் வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும் போலிருக்கிறது.

இப்போது மாணவி சொன்னதிலேயே என்னைத் தூக்கிவாரிப் போட்ட விஷயத்துக்கு வருகிறேன். "பணம் பிள்ளைக் குழுவுடையது, தாய்ச் சங்கம் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது" என்றுதானே நீங்களும் நானும் நினைப்போம்? சட்டத்தின் பார்வை அப்படியில்லை. கிரிகரி கால்வின் என்ற வழக்கறிஞர் இந்த ஏற்பாட்டை எத்தனை விதமாகச் சரியாகச் செய்யலாம் என்று 1993-இல் ஒரு புத்தகம் எழுதினார். இத்துறையில் இருப்பவர்களுக்கு அதுதான் அரிச்சுவடி. அதுவரை பலர் தாய்ச் சங்கத்தை "ஏஜெண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏஜெண்டு என்றால் எஜமான் சொன்னதைச் செய்பவன். அப்படியானால் பணம் எஜமானுடையது, அதாவது அங்கீகாரம் இல்லாத குழுவுடையது. பிறகு வரிக் கழிவு எங்கிருந்து வரும்? அந்தச் சொல்லே தவறு என்றார் கால்வின். அமெரிக்க வரித்துறை 1968-லேயே தந்த விளக்கமும் அதுதான். பணத்தின் மீது அதிகாரமும் கட்டுப்பாடும் தாய்ச் சங்கத்தின் கையில்தான் இருக்க வேண்டும். எந்தக் காரியத்துக்கென்று வாங்கியதோ அந்தக் காரியத்துக்குச் செலவாகிறதா என்று பார்க்கும் கடமையும் அதற்கே உரியது.

ஆகவே, காசோலை ஒரு சங்கத்தின் பெயரில் விழுந்த கணமே அது அந்தச் சங்கத்தின் பணம். பிள்ளைக் குழுவுக்கு மிஞ்சுவது அந்தப் பணத்தைக் கட்டிப்போட்டிருக்கும் காகிதம் மட்டுமே. காகிதம் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

நம் பெரியவர்களுக்குப் பழக்கமான கூட்டுறவு வேறு மாதிரியானது. 1960-இல், துண்டாடப்பட்டு விற்கப்பட்ட தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் வெளியேற்றப்பட்ட காலத்தில், வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். அந்தப் பணத்தில்தான் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அங்கே பத்து வெள்ளி கட்டிய என் பாட்டிக்கு அங்கத்தினர் பதிவேட்டில் பெயர் உண்டு, பங்கு உண்டு. தாய்ச் சங்க ஏற்பாட்டில் அப்படி எதுவுமில்லை. நாங்கள் இரண்டையும் ஒன்றென்று மயங்கியிருந்தோம்.

அமெரிக்காவில் நடந்த இரண்டு முடிவுகளைப் பாருங்கள். கலிபோர்னியாவில் இன்டர்நேஷனல் ஹ்யூமானிட்டீஸ் சென்டர் என்ற தாய்ச் சங்கம் 200-க்கு மேற்பட்ட பிள்ளைக் குழுக்களை வைத்திருந்தது. 2012-இன் தொடக்கத்தில் அது விழுந்தது. குழுக்களுக்கென வந்த பணத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் டாலர் இல்லை. எல்லாப் பணமும் ஒரே பானையில் இருந்ததால், சங்கத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது அதிலிருந்தே அள்ளியிருக்கிறார்கள். நன்கொடை கொடுத்தவர் ஒரு காரியத்துக்குக் கொடுத்தார், அது இன்னொரு செலவில் கரைந்தது.

மற்றது அண்மையில் நடந்தது. ஓப்பன் கலெக்டிவ் பவுண்டேஷன் என்ற தாய்ச் சங்கத்தின் கீழ் 600-க்கு மேற்பட்ட குழுக்கள் இருந்தன. 2020-ஆம் ஆண்டுத் தொற்றுக் காலத்தில் அண்டை வீட்டாருக்குச் சாப்பாடும் வாடகைப் பணமும் கொடுத்து உதவத் தோன்றிய குழுக்கள் பல அதில் சேர்ந்திருந்தன. 2024 பிப்ரவரியில் அது ஓர் அறிவிப்புச் செய்தது. இந்தச் சேவையை இனித் தாக்குப்பிடிக்க முடியவில்லை, அவ்வாண்டு டிசம்பர் 31-ஆம் தேதியோடு கலைகிறோம் என்றது. குழுக்கள் பதறிப் போயின. மார்ச் நடுவுக்குப் பிறகு நன்கொடை வாங்க முடியாது, செப்டம்பர் முடிவதற்குள் கையிருப்பைச் செலவிட வேண்டும் அல்லது வேறு தாய்ச் சங்கத்துக்கு மாற்ற வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்த குழுக்களின் பாடு இன்னும் மோசம். ஏனென்றால் அந்த ஊழியர்களின் முதலாளியும் சட்டப்படி தாய்ச் சங்கம்தான். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு குழுவின் வரவு செலவும் தனித்தனியே எழுதப்பட்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்தது. இன்ன குழுவுக்கு இவ்வளவு என்பதில் வழக்கே இல்லை. வீடுதான் போயிற்று, பெட்டி கையில் இருந்தது.

எங்கள் பெட்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா?

2022-இல் வகுப்பு நன்றாகவே நடந்தது. புத்தகம், கரும்பலகை, விசிறி, பிள்ளைகளுக்கு மாலையில் பிஸ்கட்டும் மைலோவும் என்று 1,180 வெள்ளி செலவானது. மீதி 5,270 வெள்ளி. அந்த ஆண்டு பட்டணத்துச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் புதிய செயலவை வந்தது. பழைய தலைவர் உடல்நலம் குன்றி ஒதுங்கிவிட்டார். அடுத்த முறை பணம் கேட்டுப் போனபோது, புதிய பொருளாளர் கணக்கேட்டைத் திருப்பி என் முன்னே வைத்தார். "நன்கொடை வரவு" என்று ஒரே வரியில் எல்லாம் சேர்ந்து கிடந்தது. "டீச்சர், இதிலே உங்க வகுப்புப் பேரே இல்லையே" என்றார். மண்டபத்துக் கூரை ஒழுகுவதால், மிச்சமிருக்கும் நன்கொடையை அதற்குப் பயன்படுத்தப் பொதுக்கூட்டம் ஏற்கனவே தீர்மானம் போட்டுவிட்டதாம்.

அவரைத் திருடர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இன்றும் வரவில்லை. அவர் கண்ணில் பட்டது சங்கத்தின் பணம். கூரையும் உண்மையிலேயே ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. தண்டல் ஐயா மட்டும் வெளியே வந்ததும், "பிரட்டுக் களத்திலே பேர் கொடுக்காதவனுக்கு அன்னிக்குச் சம்பளம் கிடையாது, தெரியுமில்ல?" என்றார். என்னைத்தான் சொன்னார்.

அப்போதுதான் 555 புத்தகம் வந்தது. கடை அண்ணன் அதைக் கொண்டுபோய் அவர்கள் மேசையில் வைத்தார். தேதி, பெயர், பத்து வெள்ளி, இருபது வெள்ளி. உரம் போடும் அக்காமார் ஒரு நாள் கூலியில் பாதியைக் கொடுத்தது அதில் இருந்தது. நிறுவனமும் எதற்காகக் கொடுத்தோம் என்று ஒரு கடிதம் எழுதித் தந்தது. நான்கு கூட்டம், ஏழு மாதம். கடைசியில் 2,000 வெள்ளியை மூன்று தவணையாகத் திருப்பித் தந்தார்கள். 3,270 வெள்ளி கூரையில் இருக்கிறது. அந்த ஏழு மாதமும் ஆயாக் கொட்டகை பூட்டியே கிடந்தது. மூன்றாம் ஆண்டில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்த பையன் ஒருவன், வகுப்பை மறுபடி திறந்தபோது நான்காம் ஆண்டுக்குப் போயிருந்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்து, புத்தகத்தை வாங்கவே மறுத்தான். அவனை மறுபடி வழிக்குக் கொண்டுவர அந்த வருடம் முழுவதும் ஆயிற்று.

இப்போது நாங்கள் வேறொரு பதிவு பெற்ற சங்கத்தின் துணைக்குழு. இந்தத் தடவை கூச்சத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். காகிதம் எழுதி முடிக்க மூன்று மாதம் ஆனது, ஒரு முறை பேச்சு முறிந்தும் போயிற்று. எதற்காக முறிந்தது என்றால் கட்டணத்துக்காக. அவர்கள் நூற்றுக்கு ஐந்து கேட்டார்கள். தண்டல் ஐயா, "தருமக் காசிலே கமிஷனா?" என்று எழுந்துவிட்டார். எனக்கும் முதலில் கசந்தது. யோசித்துப் பார்த்தால், இலவசமாகக் கணக்கு வைப்பவரிடம் கணக்கு எங்கே என்று அழுத்திக் கேட்க நமக்கு வாய் வராது. பழைய இடத்தில் அதுதானே நடந்தது? கட்டணம் வாங்குபவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். ஐயாவைச் சமாதானப்படுத்த இரண்டு வாரமாயிற்று.

நீங்கள் இப்படி ஒரு காகிதம் எழுதப் போவதானால், எங்கள் காகிதத்தில் இருப்பதைச் சொல்கிறேன். முதலாவது, இந்த வகுப்பைத் துணைக்குழுவாக ஏற்கிறோம் என்று அவர்கள் செயலவைக் கூட்டக் குறிப்பிலேயே பதிவாகியிருக்கிறது. தலைவர் மாறினாலும் குறிப்பேடு மாறாது. பிள்ளைகள் பணத்துக்குத் தனிக் கணக்கேடு. ஆண்டறிக்கையிலும் அது தனி வரியாக, வகுப்பின் பெயரோடு வர வேண்டும். வேறு செலவுக்குத் தொடக்கூடாது, கடனாகக்கூட. பணம் எடுக்க அவர்கள் பொருளாளரும் எங்களில் ஒருவரும் சேர்ந்து தாளில் ஒப்பமிட வேண்டும். இருவரில் யார் பிரிய நினைத்தாலும் மூன்று மாத முன்னறிவிப்பு. பிரியும்போதோ சங்கமே கலைந்தாலோ மீதிப் பணம் இதே நோக்கமுள்ள வேறொரு பதிவு பெற்ற அமைப்புக்குப் போகும். அமெரிக்கக் கதை இரண்டையும் கேட்ட பிறகு நான் பிடிவாதமாக எழுத வைத்த வரி இது. "நாங்கள் எதற்கு அம்மா கலையப் போகிறோம்?" என்று செயலாளர் சற்று வருத்தப்பட்டார். பிறகு அவரே எழுதினார்.

வரி ரசீது பற்றி ஒரு வார்த்தை. சங்கம் பதிவாகியிருந்தால் போதும், கொடுப்பவருக்கு வரிக் கழிவு கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கிடைக்காது. 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் அங்கீகாரம் தனியாகப் பெற்ற அமைப்பின் ரசீதுக்குத்தான் அது உண்டு. எங்கள் தாய்ச் சங்கத்துக்கு அது இல்லை. நிறுவனங்களிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சிலர் பின்வாங்குகிறார்கள், பரவாயில்லை.

வகுப்பு செவ்வாயும் வியாழனும் நடக்கிறது. மாதத்தின் முதல் நாளில் கணக்கு வந்துவிடும். அதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஆயாக் கொட்டகைக் கதவில் ஒட்டுகிறோம். பால் வெட்டிய காலத்து அம்மாக்களும் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். வாசிக்கத் தெரியாத பாட்டிக்குப் பேரன் வாசித்துக் காட்டுகிறான். போன மாதம் தண்டல் ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிப் பார்த்தார். நான் உள்ளே பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "டீச்சர், சுண்ணாம்புக் கட்டி நாலு வெள்ளி இருபது காசுன்னு போட்டிருக்கே, கடையிலே நாலு வெள்ளிதானே?" என்று வாசலிலிருந்தே சத்தம் போட்டார். பெட்டி மாறியிருக்கிறது, விலை ஏறிவிட்டது என்றேன். ரசீதைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.